தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூக்கத்தில் பல் கடிக்கிறவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். "என்னங்க, ராத்திரி முழுக்க நறநறன்னு கடிக்கிறீங்க, எனக்குத் தூக்கமே போச்சு" என்று மனைவி சொன்னால், "நானா? போம்மா" என்று சிரித்துத் தள்ளுவதுதான் முதல் தவறு. தனியாகப் படுப்பவருக்கு அந்தச் சாட்சியும் கிடையாது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு வாடகை அறையில் தங்கியிருப்பவர்கள் உடம்பு சொல்வதைத்தான் கவனிக்க வேண்டும். எழுந்ததும் நெற்றிப்பொட்டில் வலி, கொட்டாவி விடும்போது தாடை கனப்பது, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைக் கோடு, ஐஸ் தண்ணீர் பட்டால் கூச்சம் எல்லாம் அறிகுறிகள். காது வலி என்று சொட்டு மருந்து வாங்கி ஊற்றுகிறவர்களும் உண்டு. தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருக்கிறது. அங்கே வலித்தால் காதே வலிப்பது போலிருக்கும்.

இதில் வரும் தவறுகளில் பாதி, பல்லில்தான் கோளாறு என்று நினைப்பதால் வருபவை. பல்வரிசை சரியாகச் சேராததால்தான் கடிக்கிறோம் என்று பல் மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். மேடாகத் தெரிந்த பல்லையெல்லாம் ராவிச் சமன் செய்தார்கள். இப்போது அந்தக் கருத்து மாறிவிட்டது. ஆழமில்லாத தூக்கத்தில் மூளை அவ்வப்போது சில விநாடிகள் அரைகுறையாக விழிக்கிறது. இதயத்துடிப்பு கொஞ்சம் ஏறுகிறது, அதை ஒட்டித் தாடைத் தசைகள் இறுகி அசைகின்றன. 2018-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட கருத்தொற்றுமை அறிக்கை, ஆரோக்கியமாக இருப்பவரிடம் இதை ஒரு நோய் என்றே சொல்லக்கூடாது, தசையின் ஒரு செயல்பாடு என்றுதான் கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே பல் கடிப்பதை நிறுத்துவதற்காகப் பல்லை ராவ வேண்டும் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்து இன்னொரு மருத்துவரைக் கேளுங்கள். பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் போனால் மறுபடி முளைக்காது. இதற்காக மட்டும் பிரேசஸ் என்ற பல் கம்பி போடுவதும் வீண் செலவு.

அடுத்தது நைட் கார்ட், அதாவது தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை. இது ஹெல்மெட் மாதிரி: போட்டால் விபத்து நிற்காது, மண்டை தப்பும். கார்ட் போட்டும் கடிக்கிறேனே என்று சலித்துக்கொண்டு அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுபவர்கள் ஏராளம். கடிக்கத்தான் செய்வீர்கள், பல்லுக்குப் பதில் கார்ட் தேயும், அதற்குத்தான் அது. ஷோப்பி இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, வெந்நீரில் போட்டுக் கடித்தால் அச்சு விழுகிறதே என்று கேட்கலாம். அவசரத்துக்குச் சில நாள் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். மெத்தென்ற ரப்பர் மாதிரி இருப்பவை சிலருக்குக் கடிக்கும் வேகத்தைக் கூட்டிவிடுகின்றன. முன்பல்லை மட்டும் மூடுகிற குட்டி கார்டை மாதக்கணக்கில் போட்டால், தடையில்லாத கடைவாய்ப் பற்கள் மெல்ல நகர்ந்து, ஒருநாள் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமலே போகலாம். அளவெடுத்து, எல்லாப் பல்லையும் மூடும்படி கெட்டி அக்ரிலிக்கில் செய்ததுதான் நீண்ட நாளைக்கு ஏற்றது.

செய்து வாங்கிய பிறகு அதைக் கெடுக்கவும் வழி இருக்கிறது. கொதிநீரில் கழுவினால் கோணிப்போகும். மத்தியான வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் டப்பாவோடு விட்டுப்போனாலும் அதே கதிதான். நம் ஊர் வெயிலில் காருக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோணிய கார்டை அழுத்திப் போட்டுக்கொண்டால் பல் நகரும். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அழுக்கு தங்கும். பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் கார்டையும் கொண்டுபோங்கள். அதில் தேய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் எவ்வளவு கடிக்கிறீர்கள் என்று அவர் சொல்லிவிடுவார். அவர் உண்மையிலேயே பல் டாக்டர்தானா என்பதும் முக்கியம். வீட்டு அறையிலும் அழகு நிலையத்திலும் பிரேசஸ் மாட்டிவிடுகிறவர்கள் பிடிபடும் செய்தி இங்கே புதிதல்ல. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாக நான் நினைப்பது குறட்டையைக் கணக்கில் எடுக்காதது. பல் கடிப்பவர் பலமாகக் குறட்டையும் விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி விழிக்கிறவராக இருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறாக இருக்கலாம். பகலில் லோரி ஓட்டும்போது கண் சொருகுகிறது, கழுத்து தடித்திருக்கிறது, ரத்த அழுத்தமும் கூடுதல் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இவர் நேரே போய் ஒரு கார்ட் வாங்கிப் போட்டால் பல் தப்பலாம், மூச்சு தப்பாது. மேல்பல்லில் போடும் கார்ட் சிலருக்கு மூச்சுத் தடையை அதிகமாக்கியும் விடுகிறது. முதலில் அரசாங்க கிளினிக்கில் குறட்டையைப் பற்றிச் சொல்லி, தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள். மனைவி தன் போனில் பதிந்துவைத்த அரை நிமிடக் குறட்டைச் சத்தம் அங்கே நல்ல ஆதாரம்.

மருந்துகளிலும் கவனம் வேண்டும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற ஃப்ளுவாக்செட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைத் தொடங்கிய பிறகு சிலருக்குப் பல் கடிப்பது வருகிறது. காரணம் தெரிந்துவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது, பல் தேய்வதைவிட ஆபத்தானது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. இந்த மாத்திரை சாப்பிடுவதைப் பல் டாக்டரிடம் மறைப்பவர்கள் நம்மில் அதிகம். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில் பந்து பார்த்துக்கொண்டே இரண்டு தே தாரிக், கையில் சிகரெட். பினாங்கில் இதை விடச்சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனாலும் சொல்கிறேன். தேநீரோடு உள்ளே போன காஃபினில் பாதி உடம்பிலிருந்து போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மதுவும் புகையும் பல் கடிப்பதைக் கூட்டுகின்றன. தூக்கம் வருவதற்காகக் குடிக்கிறேன் என்பவர் இதை இரண்டு முறை படிக்கட்டும். புளிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஆசாம் போய்' என்ற புளிப்பு உலர்பழம் போட்ட அம்ப்ரா காய் ஜூஸ், புளி மீன்குழம்பில் நூடுல்ஸ் போட்ட ஆசாம் லக்சா எல்லாம் அமிலம். அமிலத்தில் ஊறிய எனாமல் கடியில் சீக்கிரம் தேயும். குடித்த கையோடு பல் விளக்கினால் இன்னும் மோசம். வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்து விளக்குங்கள்.

பகலில் நடப்பதையும் மறந்துவிடுகிறோம். பினாங்குப் பாலத்தில் சாயங்கால நெரிசலில் நிற்கும்போது உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் இறுக்கிக் கடித்திருப்பீர்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே தேவையில்லை. உதடு மூடியிருக்க, பற்களுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. ஸ்டீயரிங்கிலோ கணினித் திரையின் ஓரத்திலோ சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, அது கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். தாடைக்குப் பயிற்சி என்று சூயிங்கம்மும் பாக்கும் மெல்லுவது, களைத்த தசையை மேலும் களைக்க வைக்கும். வலிக்கும் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். கோடாலித் தைலம் தேய்த்தால் சுகமாக இருக்கும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். தசையைத் தளர்த்தும் போடோக்ஸ் ஊசி கடியின் பலத்தைக் குறைக்கும், சில மாதங்களில் அதுவும் தீர்ந்துபோகும்.

குழந்தை கடித்தால் வீட்டில் பாட்டி சொல்வது ஒன்றுதான்: "வயித்துல பூச்சி இருக்கு, மருந்து வாங்கிக் கொடு." பூச்சிக்கு வேறு அறிகுறி இருந்தால் கொடுக்கலாம். பல் கடிப்பதை மட்டும் வைத்து மறுபடி மறுபடி பூச்சி மருந்து ஊற்றுவதில் அர்த்தமில்லை. பிள்ளைகளிடம் இது பெரியவர்களைவிட அதிகம். பெரும்பாலோருக்கு வளர வளரத் தானாகக் குறைந்துவிடும். வளரும் தாடைக்கு கார்டும் பொதுவாகப் போடுவதில்லை. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிற பிள்ளையாக இருந்தால் தொண்டையில் இருக்கும் டான்சில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதைகள் வீங்கியிருக்கின்றனவா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாடையில் 'டக்' என்று சத்தம் மட்டும் கேட்டு வலியில்லை என்றால் பதறி ஓட வேண்டாம். ஆனால் கொட்டாவி விட்டு வாய் மூட முடியாமல் நின்றுவிட்டால், அழுத்தி மூட முயலாமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடித்துவிட்டுப் பல்லைப் பிரிக்கிற நொடியில் சுரீரென்று வலித்தால் பல்லில் விரிசல் விழுந்திருக்கலாம். வலி தணிந்துவிட்டதென்று அந்தப் பக்கத்திலேயே முறுக்கைக் கடிக்காமல், அந்த வாரத்துக்குள் பல் டாக்டரைப் பாருங்கள்.