ஆம்ப்ளிஃபயர் ஐசியை ஹீட்சிங்கில் மாட்டும் முறை: மைக்கா, பேஸ்ட், கிளாம்ப்

டிடிஏ7294 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி உள்ள போர்டு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் இணைத்தாயிற்று. நன்றாகப் பாடுகிறது. சத்தத்தைக் கூட்டி வைத்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் மறுபடி பாடுகிறது. உடனே ஐசியை மாற்றிவிடாதீர்கள். உள்ளே வெப்பம் 145 டிகிரியைத் தொட்டால் அது தானாகவே மியூட் ஆகும், 150-இல் ஸ்டாண்ட்பைக்குப் போகும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஹீட்சிங்க் (ஐசியின் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் துண்டு) கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இப்படி நிற்கிறது என்றால் வெப்பம் ஐசியிலிருந்து ஹீட்சிங்குக்கு வந்தே சேரவில்லை. கோளாறு இரண்டுக்கும் நடுவில்.

ஒரு சின்னக் கணக்கு. ±30 வோல்ட், 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஐசி அதிகபட்சம் 23 வாட் அளவுக்கு வெப்பம் கக்கும். அதன் உள்ளிருந்து முதுகுத் தகடு (பின்புறமுள்ள உலோகத் தகடு) வரை ஒவ்வொரு வாட்டுக்கும் 1.5 டிகிரி வித்தியாசம். அதை நாம் மாற்ற முடியாது. ஹீட்சிங்கும் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள மைக்கா (மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய தாள்), வெப்பம் கடத்தும் பேஸ்ட் எல்லாம் சேர்ந்து 0.7 என்றால் மொத்தம் 3.7. 23 வாட்டுக்கு 85 டிகிரி ஏறும். நம் ஊர் வெயில் 40 டிகிரியையும் கூட்டினால் 125. பரவாயில்லை. அதே இடத்தில் மைக்காவைப் பேஸ்ட் இல்லாமல் உலர்வாக வைத்து 1.7 ஆக்கினால் 148. மியூட் ஆகாமல் என்ன செய்யும்?

1. முதுகுத் தகடு எதனோடு இணைந்திருக்கிறது?

துளை போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். டிடிஏ7294, எல்எம்3886டி, எல்எம்1875, டிடிஏ2030 எல்லாவற்றிலும் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு உள்ளுக்குள் இணைந்தது. 12-0-12 போன்ற இரட்டை சப்ளையில் (பிளஸ், மைனஸ் இரண்டும் உள்ளது) ஓட்டினால் அந்தத் தகட்டில் மைனஸ் வோல்டேஜ் நிற்கும். ஹீட்சிங்க் கேபினெட்டைத் தொட, கேபினெட் கிரவுண்டில் இருந்தால் நேரடி ஷார்ட். ஆகவே மைக்கா கட்டாயம். அதே டிடிஏ2030-ஐ ஒற்றை 12 வோல்ட் சப்ளையில் ஓட்டினால் அதன் மைனஸ்தான் கிரவுண்ட். அப்போது மைக்கா வேண்டாம், பேஸ்ட் போதும்.

எல்எம்3886-இன் 'டிஎஃப்' வகையில் முதுகும் பிளாஸ்டிக்கால் மூடியது. மைக்கா தேவையில்லை, ஆனால் உள்ளிருந்து வெப்பம் வெளிவருவது கொஞ்சம் மந்தம். சத்தமாக ஓட்டுபவர்கள் 'டி' வகையை வாங்கி மைக்கா வையுங்கள்.

2. துளை, பிசிறெடுத்தல்

எம்3 ஸ்குரூவுக்கு ஹீட்சிங்கிலேயே மரை போடுவதாக இருந்தால் 2.5 மி.மீ. துளை. நட்டு போட்டு முறுக்குவதாக இருந்தால் 3.2. சென்டர் பஞ்ச் அடித்து, இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு மெதுவாகத் துளையுங்கள். அலுமினியம் டிரில் பிட்டில் ஒட்டிக்கொள்ளாது. அப்புறம் பெரிய பிட் ஒன்றைக் கையிலேயே பிடித்துத் துளையின் விளிம்பில் இரண்டு சுற்று சுற்றிப் பிசிறை எடுங்கள். மைக்கா கிழிவது பெரும்பாலும் அந்தப் பிசிறால்தான். ஐசி உட்காரும் இடம் மேடு பள்ளமாக இருந்தால், கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து அதில் ஹீட்சிங்கைத் தேயுங்கள். தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் மேடு இன்னும் வளைந்துவிடும்.

3. மைக்காவும் பேஸ்ட்டும்

வெள்ளை பேஸ்ட் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்துக்குப் பக்கத்தில்கூட வராது. காற்றைவிட மேல், அவ்வளவுதான். காற்று தங்கும் நுண்ணிய இடைவெளிகளை நிரப்பவே அது. எனவே தோசைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி, கீழே உள்ள உலோகம் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு. மைக்காவின் இரண்டு பக்கமும் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவிய மைக்கா பாதி வேலைதான் செய்யும்.

சாம்பல் நிற சிலிகான் பேட் போடுபவர்கள் பேஸ்ட் போடாதீர்கள். அது உலர்வாக வைப்பதற்கென்றே செய்தது. எனக்கு மைக்காதான் பிடிக்கும்: சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் மலிவாகக் கிடைக்கும், கத்தரியால் வெட்டலாம், கிழிந்திருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். கேமிங் கம்ப்யூட்டருக்கு விற்கும் லிக்விட் மெட்டல் பக்கம் போகவே வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

4. ஸ்குரூவா, கிளாம்ப்பா?

எல்லோரும் செய்வது முதுகுத் தகட்டிலுள்ள துளை வழியே ஸ்குரூ. அதற்கு நைலான் புஷ் (ஸ்குரூவைச் சுற்றி வரும் இன்சுலேஷன் வளையம்) வேண்டும், இல்லையென்றால் ஸ்குரூவே தகட்டையும் ஹீட்சிங்கையும் இணைத்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், துளை தகட்டின் மேல் முனையில் இருக்கிறது, வெப்பம் பிறக்கும் சிலிக்கான் துண்டோ கீழே பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது. மேல் முனையை இறுக்க இறுக்கக் கீழ்ப் பக்கம் மேலே தூக்கும். ஸ்பிரிங் வாஷர் தட்டையானதும் நிறுத்திவிடுங்கள்.

என் பரிந்துரை கிளாம்ப். 3 மி.மீ. கனமுள்ள ஒரு பட்டையை ஐசியின் பிளாஸ்டிக் உடல் மேல் குறுக்கே வைத்து, ஐசிக்கு இரு புறமும் ஒவ்வொரு ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். சிலிக்கானுக்கு நேர் மேலே அழுத்தம் விழும். தகட்டுக்குள் ஸ்குரூ போகாததால் புஷ்ஷும் வேண்டாம். பட்டை முதுகுத் தகட்டையோ கால்களையோ தொடக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. மீட்டர் வைத்துப் பார்ப்பது

இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடாதீர்கள். முழுதாக இறுக்கிய *பிறகு*, சப்ளை கொடுப்பதற்கு *முன்*, மீட்டரை 2 மெக் ஓம் அளவில் வைத்து ஒரு முனையை முதுகுத் தகட்டிலும் மறு முனையை ஹீட்சிங்கிலும் வையுங்கள். எதுவும் காட்டக் கூடாது. இறுக்குவதற்கு முன்பு சரியாக இருந்த மைக்கா, இறுக்கும்போது பிசிறு குத்திக் கிழிந்திருக்கலாம்.

கறுப்பு ஹீட்சிங்க் இதில் ஏமாற்றும். அந்தக் கறுப்பு அனோடைசிங் பூச்சு, மின்சாரத்தைக் கடத்தாது. மேலோட்டமாக வைத்தால், உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் மீட்டர் எதுவும் காட்டாது. துளையின் உள்சுவரில் வையுங்கள், அல்லது பிளேடால் ஒரு மூலையைச் சுரண்டிவிட்டு வெள்ளை உலோகத்தில் வையுங்கள். 'பூச்சே இன்சுலேஷன்தானே, மைக்கா எதற்கு?' என்று கேட்கலாம். ஒரு கீறல் போதும், கதை முடிந்தது.

6. சால்டர் கடைசியில்

ஐசியைப் போர்டில் செருகுங்கள், ஆனால் சால்டர் செய்யாதீர்கள். முதலில் ஹீட்சிங்கில் இறுக்குங்கள், போர்டையும் அதன் தூண்களில் மாட்டுங்கள், அப்புறம் சால்டர். வரிசையை மாற்றினால் இறுக்கும் விசை முழுவதும் கால்களுக்குப் போகும். சில மாதம் கழித்து சால்டர் விரிசல் விட்டு, தட்டினால் பாடும் ஆம்ப்ளிஃபயர் கிடைக்கும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியோடு தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பு போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் இரண்டு. மைக்கா இருந்தும் மீட்டர் கத்துகிறது என்றார் ஒருவர். ஐசியின் கால்கள் ஹீட்சிங்கின் விளிம்பை உரசியிருந்தன. கால்களை உடலை ஒட்டி மடக்காமல், மூக்குக் குறடால் வேரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி மடக்குங்கள்.

இன்னொருவர், மைக்காவே இல்லாமல் ஐசியை நேரடியாக மாட்டிவிட்டு ஹீட்சிங்கைக் கேபினெட்டிலிருந்து பிரித்து வைக்கலாமா என்றார். வெப்பத்துக்கு அதுதான் மிக நல்ல வழி. இரண்டு சேனல் ஐசிகளும் ஒரே சப்ளையில் இருந்தால் ஒரே ஹீட்சிங்கிலும் மாட்டலாம். ஆனால் ஹீட்சிங்க் முழுவதும் மைனஸ் 30 வோல்ட்டில் நிற்கும், ஒரு ஸ்குரூ டிரைவர் நழுவி கேபினெட்டையும் அதையும் சேர்த்துத் தொட்டால் போதும். மூடிய கேபினெட்டுக்குள் என்றால் செய்யுங்கள். ஹீட்சிங்க் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியில் வேண்டாம்.