'எனவே' என்ற சொல்லைச் சந்தேகப்படக் கற்றுக்கொடுங்கள்: மாணவர்களை வாதக் கட்டுரை எழுத வைக்கும் வழி

மாணவர்களின் வாதக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படிப்பது போலவே இருக்கும். முன்னுரையில் தலைப்பையே சுற்றி வளைத்துச் சொல்லியிருப்பார்கள், நடுவில் நன்மைகள் நாலு, தீமைகள் நாலு, கடைசியில் "எதையும் அளவோடு பயன்படுத்தினால் நல்லது". எழுத்துப்பிழைகூட இருக்காது, ஆனால் வாதம் என்று ஒன்று அதில் இருக்காது. இதைப் பிள்ளைகளின் குறை என்று நான் நினைக்கவில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு கருத்தை இன்னொருவர் முன் நிறுத்திக் காப்பது எப்படி என்பதை நாம் சொல்லித் தரவே இல்லை.

முதலில் தலைப்பைப் பாருங்கள். 'தூக்கத்தின் அவசியம்' என்று கொடுத்தால் பாவம், அவர்கள் யாரோடு வாதாடுவார்கள்? 'மேல்வகுப்புகள் காலை 8.30 மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது' என்று கொடுங்கள். விவரம் தெரிந்த, நல்லெண்ணமுள்ள ஒருவர் "எனக்கு இதில் உடன்பாடு இல்லை" என்று சொல்ல இடமிருந்தால் அது வாதத்துக்கு ஏற்ற தலைப்பு.

தலைப்பு கொடுத்ததும் எழுதச் சொல்லாதீர்கள், பேச வையுங்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் தன் நிலைப்பாட்டைச் சொல்ல, மற்றவர் மூன்றே கேள்விகளைக் கேட்க வேண்டும்: "ஏன் அப்படிச் சொல்கிறாய்?", "அது உனக்கு எப்படித் தெரியும்?", "சரி, அதனால் என்ன?" பிறகு இடம் மாறிக்கொள்ளட்டும். முதல் கேள்வி காரணத்தைக் கொண்டுவரும், இரண்டாவது ஆதாரத்தைக் கொண்டுவரும். இவை இரண்டையும் ஓரளவு எல்லாரும் சொல்லித் தருகிறோம். மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறோம், கட்டுரை உடைவதும் அங்கேதான்.

ஒரு பத்தியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். எனவே பள்ளி தாமதமாகத் தொடங்க வேண்டும்." நிலைப்பாடு இருக்கிறது, எண்ணோடு ஆதாரமும் இருக்கிறது, பார்த்ததும் சரி என்று குறிக்கத்தான் கை போகும். ஆனால் எதிரே இருக்கும் பையன் கேட்கிறான்: "நல்லா தூங்கட்டும், யார் வேண்டாம் என்றது? இரவு சீக்கிரம் படுத்தால் போச்சு, பள்ளி நேரத்தை ஏன் மாற்ற வேண்டும்?" நியாயமான கேள்வி. அந்த 'எனவே' ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறது. அவள் தேடிப் பார்த்தால் விடை கிடைக்கும்: பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது, தூக்கத்தை அழைத்து வரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது, அதனால் சீக்கிரம் படுத்தாலும் பலருக்குத் தூக்கம் வருவதில்லை. படுக்கும் நேரத்தை முன்னால் இழுக்க முடியாதபோது, எழும் நேரத்தைத்தான் தள்ளிவைக்க முடியும். இந்த இரண்டு வரிகளை நடுவில் வைத்ததும் அதே பத்தி நிமிர்ந்து நிற்கிறது. எதிர்த்துக் கேட்டவன்தான் அவளுக்கு அதை எடுத்துக்கொடுத்தான் என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

இது புதுச் சங்கதி இல்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை முறையை, அதாவது தர்க்க முறையைச் சொல்லும்போது, மலையில் நெருப்பு இருக்கிறது என்பது 'பக்கம்' (நிறுவ வேண்டிய கருத்து), புகை இருப்பதால் என்பது 'ஏது' (காரணம்), அடுக்களையைப் போல என்பது 'திட்டாந்தம்' (எடுத்துக்காட்டு) என்று பிரித்துக் காட்டுகிறார். அடுக்களை அங்கே அழகுக்காக வரவில்லை. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதை நாம் எங்கே கண்டோம் என்று காட்டத்தான் வருகிறது. ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேய மெய்யியலாளரும் 1958இல் ஆதாரத்தையும் முடிவையும் இணைக்கும் இந்தக் கண்ணிக்குத் தனிப் பெயரே வைத்தார். மாணவர்களுக்கு இந்தக் கலைச்சொற்கள் தேவையில்லை. நான் 'பாலம்' என்றுதான் சொல்கிறேன், உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. முதல் வரைவில் வரும் ஒவ்வொரு 'எனவே', 'ஆகவே', 'அதனால்', 'ஆதலால்' எல்லாவற்றையும் பென்சிலால் கட்டம் கட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரே, ஓரத்தில், "இதை ஒருவர் ஏற்க வேண்டுமானால் முதலில் எதை நம்ப வேண்டும்?" என்பதற்கு ஒரு வரி எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் அங்கே பாலம் இல்லை. இதைச் செய்ய ஒரு வகுப்பு முழுவதும் போகும், போகட்டும்.

அடுத்து எதிர்வாதம். "சிலர் இதை எதிர்க்கிறார்கள், அவர்கள் அறியாமையில் இருக்கிறார்கள்" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். வைக்கோல் பொம்மையை அடித்து வீழ்த்துவதில் ஒரு பெருமையும் இல்லை. எதிர்த்தரப்பை எழுதிய பத்தியை எதிர்த்தரப்பில் இருக்கும் மாணவனிடமே கொடுங்கள், அவன் "ஆமா, நான் சொல்றது இதுதான்" என்று சொல்லும்வரை திருத்தி எழுதட்டும். வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் பிள்ளைகளை யாரிடம் விடுவார்கள், பள்ளி முடிய நேரமானால் விளையாட எப்போது நேரம் என்பவையெல்லாம் உண்மையான சிக்கல்கள். பதில் இருந்தால் மறுக்கலாம், இல்லையென்றால் ஒத்துக்கொண்டு "இருந்தாலும் இந்தப் பக்கம்தான் கனம் அதிகம், ஏனென்றால்..." என்று காட்டலாம், அல்லது நிலைப்பாட்டையே கொஞ்சம் சுருக்கலாம். 'எல்லா வகுப்புகளும்' என்பதை 'மேல்வகுப்புகள்' என்று குறுக்கிக்கொள்வதைத் தோல்வி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்பவரைத்தான் நான் வகுப்பின் முன் பாராட்டுவேன்.

ஆதாரத்தைப் பொறுத்தவரை யார் சொன்னது, எப்போது, யாரைப் பற்றி என்று மூன்றையும் கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் பள்ளிகள் 8.30 மணிக்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது உண்மைதான். ஆனால் அது பருவ வயதினர் படிக்கும் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சொன்னது. அதையே தூக்கி ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் பொருத்தினால் ஆதாரம் கையைவிட்டுப் போய்விடும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள், பாதித் தொல்லை தீரும்.

திருத்தும்போது ஒரு வேண்டுகோள்: முதல் வரைவில் சந்திப்பிழையைத் தொடாதீர்கள். தாள் முழுக்கச் சிவப்பு மையைப் பார்த்தால் அவர்கள் விட்டுப்போன ஒற்றெழுத்துகளை மட்டும் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், வாதம் அப்படியே கிடக்கும். பாலம் விட்டுப்போன ஒரே ஒரு இடத்தைக் காட்டி, அங்கே ஒரு கேள்வியை மட்டும் எழுதுங்கள். மறுபடி எழுத வகுப்பிலேயே நேரம் கொடுங்கள். இரண்டாம் வரைவு முதலில் உங்களிடம் வரக் கூடாது, எதிர்த்துப் பேசிய அதே மாணவனிடம் போகட்டும். எந்த வரியில் தன் மனம் கொஞ்சம் அசைந்தது, எந்த வரியில் அசையவே இல்லை என்று அவன் அடியில் எழுதித் தரட்டும், அதற்குப் பிறகு நீங்கள் பேனாவை எடுங்கள்.