களிமண் சுங்கானைச் சுத்தம் செய்கிறேன் என்று உடைத்துவிடாதீர்கள்

நான் பார்த்தவரை, களிமண் சுங்கான், அதாவது புகையிலை வைத்துப் புகைக்கும் களிமண் குழாய், புகைக்கும்போது உடைவதைவிடச் சுத்தம் செய்யும்போது உடைவதுதான் அதிகம். பிரையர் என்னும் கடினமான மரத்தில் செய்த சுங்கானுக்கு என்னென்ன செய்வார்களோ அதையெல்லாம் களிமண்ணுக்கும் செய்து பார்ப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். மரத்துக்கு நெருப்பு ஆகாது. களிமண் சுங்கானோ சூளையில் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் வெந்து வந்த பொருள், அதற்குச் சூடு புதிதல்ல. அதற்கு ஆகாதவை வேறு: தட்டுவது, அழுத்துவது, சட்டென்று சூடாக்குவது அல்லது குளிரவைப்பது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

முதலில் கரிப்படிவு. பிரையர் சுங்கானில் புகையிலை வைக்கும் கிண்ணத்தின் உட்சுவரில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கரி படியவிடுவார்கள், அது மரம் தீய்ந்துபோகாமல் காக்கும். களிமண்ணுக்கு அந்தக் காவல் தேவையே இல்லை. ஆனாலும் பலர் அதே பழக்கத்தில் இதிலும் கரியை வளர்க்கிறார்கள். கெட்டியாகப் படிந்த கரி சூட்டில் விரியும்போது மெல்லிய சுவர் தாங்காது, விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு மயிரிழை விரிசல் ஓடும். சரி, சுரண்டி எடுத்துவிடலாம் என்று மரச் சுங்கானுக்கான இரும்புக் கத்தியைக் கிண்ணத்துக்குள் விட்டுத் திருகுவது அடுத்த தவறு. கரி வருகிறதோ இல்லையோ, சுவரில் ஒரு துண்டு பெயர்ந்து வரும். மரக்குச்சியால் மெதுவாக வரும் அளவுக்கு மட்டும் எடுங்கள், மிச்சத்தை நெருப்பு பார்த்துக்கொள்ளும்.

சாம்பலைக் கொட்டுவதற்காகச் சுங்கானை மேசை விளிம்பிலோ செருப்பு அடியிலோ தட்டுகிறவர்களும் உண்டு. கிண்ணமும் தண்டும் சேரும் இடத்தில் விசை முழுவதும் போய் இறங்கும், பெரும்பாலும் அங்கேதான் இரண்டாகும். கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆறிய சாம்பலைக் குச்சியால் கிளறிக் கவிழ்த்தாலே போதும். நீளத் தண்டுள்ளதை எப்போதும் கிண்ணத்தைப் பிடித்தே தூக்க வேண்டும். தண்டின் நுனியைப் பிடித்துத் தூக்கினால் கிண்ணத்தின் எடையிலேயே தண்டு முறிந்துவிடலாம்.

அப்புறம் தண்டுக்குள் கம்பி விடும் விஷயம். தண்டின் துளை, களிமண்ணை அச்சில் வைத்து அழுத்தும் முன் உள்ளே கம்பி செருகி உண்டாக்குவது, அதனால் ஒவ்வொரு சுங்கானுக்கும் அளவு மாறும். அமெரிக்கத் தொல்லியலாளர் ஜே. சி. ஹாரிங்டன் 1954-இல் பழைய ஆங்கிலேயச் சுங்கான் தண்டுகளை அளந்து பார்த்து, 1600-ஐ ஒட்டிய காலத்தில் ஓர் அங்குலத்தில் 64-இல் 9 பங்கு, அதாவது மூன்றரை மில்லிமீட்டர் இருந்த துளை, 1800-ஐ நெருங்கும்போது 64-இல் 4 பங்காக, சுமார் 1.6 மில்லிமீட்டராகக் குறுகியதைக் காட்டினார். அகழாய்வில் கிடைக்கும் தண்டுத் துண்டுகளின் காலத்தைக் கணிக்கவே இந்த அளவு பயன்பட்டது. நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: கடையில் வாங்கும் பஞ்சு சுற்றிய பைப் கிளீனர் எல்லாத் தண்டிலும் நுழையாது. நுழையாததைத் திணித்தால் உள்ளே முறிந்து அடைத்துக்கொள்ளும், இழுத்தால் தண்டு போகும். மெல்லிய, வளையக்கூடிய கம்பியைத் துளையின் போக்கிலேயே விடுங்கள். முட்டுகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

சோப்பு வேண்டவே வேண்டாம். மெருகு பூசாத களிமண் முழுக்க நுண்துளைகள், மண்பானையில் தண்ணீர் கசிந்து குளிர்வது எந்தத் துளைகளாலோ அதே போன்ற துளைகள்தான் இங்கேயும். சோப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த முறை சூடாகும்போது அந்த வாடை வாய்க்கு வரும். பிளீச்சிங் திரவமும் அப்படித்தான், வெளியே வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பு தங்கிப்போகும். சாராயத்தில் ஊறவைக்கிறவர்கள் அது முழுவதும் ஆவியாகும் முன் நெருப்பருகே கொண்டுபோனால் பற்றிக்கொள்ளும், இது விளையாட்டில்லை. வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். அதுவும் சுங்கான் முழுக்க ஆறிய பிறகுதான். வெளியே வரும் பழுப்புத் திரவத்தில் நிக்கோட்டின் இருக்கும், அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

சரி, நெருப்புக்கு வருவோம். இதுதான் களிமண்ணுக்கே உரிய சுத்தம், அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மதுக்கடைகளில் அழுக்கான சுங்கான்களை இரும்புச் சட்டகத்தில் அடுக்கி அடுப்பில் வைத்து எரித்தெடுப்பார்கள், கரியும் தாரும் (புகையின் கரும்பிசுக்கு) எரிந்துபோய் மறுபடி வெள்ளையாகிவிடும். இன்று அதைச் செய்கிறவர்கள் முதலில் அவசரப்படுகிறார்கள். தண்ணீரில் கழுவிய கையோடு சூட்டில் வைத்தால் நுண்துளைகளில் இருக்கும் நீர் ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும். சில நாட்கள் காற்றில் உலரட்டும். பிறகு குளிர்ந்த அடுப்பில் வைத்து, சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும்.

எவ்வளவு சூடு என்பதிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. சமையலறை ஓவன் 250 டிகிரிவரை போகும், அந்தச் சூட்டில் தார் புகைந்து வீடெல்லாம் நாறுமே தவிர கரி எரியாது. கரி நன்றாக எரிய 500, 600 டிகிரி வேண்டும், காற்றும் வேண்டும். தணலுக்கு அடியில் புதைத்துவைத்தால் காற்று படாமல் சுங்கான் இன்னும் கறுப்பாகத்தான் வரும். தணலின் ஓரத்தில், காற்றோட்டம் உள்ள இடத்தில், திறந்த வெளியில் வையுங்கள். சிறிய மின்சூளை கிடைத்தால் அதைவிட நல்லது, மணிக்கு 100 டிகிரி என்று ஏற்றலாம். இதில் 573 டிகிரியைக் கவனிக்க வேண்டும்: மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் அந்தச் சூட்டில் திடீரென்று விரியும், குளிரும்போது அதே இடத்தில் திடீரென்று சுருங்கும். அந்தக் கட்டத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் அவசரமில்லாமல் தாண்ட வேண்டும். வேலை முடிந்ததும் இடுக்கியால் எடுத்து வெளியே வைக்காதீர்கள், உள்ளேயே ஆறட்டும்.

எல்லாச் சுங்கானையும் எரிக்கவும் கூடாது. வண்ண எனாமல் பூசிய பிரெஞ்சு உருவச் சுங்கான்கள், மரத் தண்டோ ரப்பர் வாய்முனையோ ஒட்டியவை, ஒருமுறை உடைந்து பசை போட்டு ஒட்டியவை, இவற்றையெல்லாம் நெருப்புக்குக் காட்டாதீர்கள். உடனடிப் பசை சூட்டில் சிதைந்து கண்ணை எரிக்கும் ஆவியை விடும், ஒட்டும் விட்டுப்போகும். நாளாவட்டத்தில் களிமண்ணில் ஏறும் தேன்பழுப்பு நிறத்தையே அழகென்று வளர்க்கிறவர்களும் உண்டு. எரித்தால் அது போய்விடும், எது வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எரித்த பிறகு பலர் மறப்பது வாய்முனையை. காய்ந்த களிமண் உதட்டின் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், வெடுக்கென்று இழுத்தால் தோல் உரியும். இதனால்தான் பழைய தயாரிப்பாளர்கள் நுனிக்கு மெழுகோ மெருகோ பூசினார்கள். நெருப்பில் மெழுகு போயிருக்கும், தேன்மெழுகை உருக்கி நுனியில் மட்டும் மறுபடி தடவுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுங்கான் வெள்ளைவெளேரென்று இருப்பதால் புகை குறைவாகக் கெடுக்கும் என்று நினைப்பதும் தவறுதான். புகையிலையின் தீங்கு புகையில் இருக்கிறது, அதைச் சுத்தம் மாற்றாது.

மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பழைய சுங்கான் கையில் இருந்தால் மேலே சொன்ன எதையும் அதில் செய்யாதீர்கள். புகைக்கவும் வேண்டாம், அது கிடந்த மண்ணில் ஈயம் போன்றவை கலந்திருக்கலாம். கிண்ணத்திலோ அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குமிழிலோ தயாரிப்பாளரின் முத்திரை இருக்கலாம், கம்பி பிரஷால் தேய்த்தால் அது அழியும். அமிலத்தில் போட்டால் மேற்பரப்பே அரிக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் கரியைக்கூட விட்டுவிடலாம், அதில் என்ன புகைத்தார்கள் என்பதை ஆய்வகத்தில் கண்டறிய முடியும். மேலே உள்ள மண்ணை மென்மையான பிரஷால் எடுத்து, நிழலில் மெதுவாக உலரவிட்டு, பஞ்சோ மென்துணியோ விரித்த பெட்டியில் படுக்கவையுங்கள். காய்ந்த பின் வெள்ளையாக உப்பு பூத்தாலோ மேற்பரப்பு உரியத் தொடங்கினாலோ பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.