ஸ்பெஷல் எஜுகேட்டரா புதுசா சேந்தவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வருஷம் கிருஷ்ணகிரி மாவட்டத்துல தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் புதுசா வேலைக்கு வந்த ஸ்பெஷல் எஜுகேட்டருங்களோட, அதாவது மாற்றுத்திறன் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கற டீச்சருங்களோட, ஸ்கூல் ஸ்கூலா சுத்துறேன். ஆரம்பத்துல நான் பண்ண தப்ப அப்படியே பண்றாங்க, பாக்கப் பாக்க வயிறு எரியுது. ரெஜிஸ்டர்ல விட்டுப்போறதெல்லாம் தானா சரியாயிடும், அதப் பேசல.

காதைப் பாக்காம முத்திரை குத்துறது

அஞ்செட்டி பக்கம் ஒரு மலை ஊரு, ரெண்டாங்கிளாஸ் பையன். கூப்பிட்டா திரும்ப மாட்டான், படத்த காட்டி இது என்னன்னு கேட்டா என் வாயையே பாத்துட்டு இருப்பான். நான் நோட்டுல அறிவுசார் குறைபாடுன்னு எழுதிட்டு, கலர் பென்சில் குடுத்து கடைசி வரிசைல உக்கார வெச்சிட்டேன். முழுசா ஒரு வருஷம். ஒரு நாள் அவங்க ஆயா வந்து அவன் காதுல இருந்த பஞ்ச உருவுனாங்க, மஞ்சளா ஊறி ஒரே நாத்தம். கைக்குழந்தையா இருக்கறப்பவே சீழ் வடியுமாம். ஏன் ஆயா சொல்லலன்னு கேட்டா, "நீங்க கேக்கவே இல்லியேம்மா"ன்னாங்க. டாக்டர் பாத்தா செவிப்பறைல ஓட்டை. வீட்ல பேசறது கன்னடம் வேற, நான் கேட்டதெல்லாம் தமிழ்ல, பாதி காதுல விழல, விழுந்ததும் புரியல, அதுக்கு நான் வெச்ச பேரு அறிவுக்குறைபாடு! முன் வரிசைல உக்கார வெச்சு, மூஞ்சிக்கு நேரா "நின்ன ஹெசரேனு"ன்னு கேட்டேன், பட்டுனு பேரச் சொன்னான்.

இப்ப வர்றவங்க கை தட்டிப் பாக்கறாங்க, புள்ள திரும்புனா காது நல்லாருக்குன்னு டிக் போட்டுடறாங்க. தட்டுற சத்தம் கேக்கும், பேச்சு தெளிவா கேக்காது, அப்படி எத்தனையோ புள்ளைங்க இருக்கு. ஆடியோகிராம் (காது எவ்வளவு கேக்குதுன்னு மெஷின்ல அளக்கறது) எடுக்காம எதையும் எழுதாதீங்க. ஆர்பிஎஸ்கே (புள்ளைங்க உடம்ப செக் பண்ற அரசுத் திட்டம்) டாக்டருங்க ஸ்கூலுக்கு வர்ற அன்னிக்கு அந்தப் புள்ள லீவு போடாம பாத்துக்கோங்க, கண்ணையும் பாக்கச் சொல்லுங்க, வீட்ல என்ன பாஷைன்னு கேளுங்க.

யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வந்தா வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கறது

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல வர்ற, குறைபாடு 40 சதவீதமாவது இருக்கணும்ங்கற கணக்கு சலுகைங்களுக்கு. கிளாஸ்ல உதவி பண்ண அந்தக் கணக்கப் பாக்காதீங்க.

அம்மாவ வெளிய உக்கார வெக்கறது

வேணாம். நீங்க வாரத்துல ஒரு நாள், மத்த ஆறு நாளும் அவங்கதான்.

பத்தாவது வந்தப்புறம் ஸ்கிரைப் (பரீட்சைல புள்ளைக்காக எழுதறவர்) தேடறது

பப்ளிக் எக்ஸாம்ல இந்தப் புள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலா தருவாங்க, மொழிப்பாட விலக்கும் உண்டு, ஆனா மாற்றுத்திறன் சர்டிபிகேட்ட கையில வெச்சுட்டு முன்னாடியே அப்ளை பண்ணணும். புள்ள சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதற பழக்கத்த ஒன்பதாவது காலாண்டுலயே ஆரம்பிச்சிடுங்க.