பைபிள் ஆராய்ச்சின்னாலே பதறவும் வேணாம், அப்படியே முழுங்கவும் வேணாம்

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் நம்ம சபை வாட்ஸ்அப் குரூப்ல அடிக்கடி சுத்துற மெசேஜ் ஒண்ணு இருக்கு, "புது பைபிள்ல வசனத்தையெல்லாம் தூக்கிட்டாங்க, இது சாத்தானோட வேலை, எல்லாருக்கும் அனுப்புங்க"ன்னு. அனுப்பிடாதீங்க. மாற்கு 16ல 9லேர்ந்து 20 வரைக்கும் உள்ள வசனங்க 4ஆம் நூற்றாண்டுல கையால எழுதின பழைய கிரேக்க பைபிள்களான சினாய் பிரதியிலயும் இல்ல, வத்திக்கான் பிரதியிலயும் இல்ல. 1 யோவான் 5:7ல "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி"ன்னு நம்ம பழைய தமிழ் பைபிள்ல படிக்கிறோமே, அது பழைய கிரேக்க பிரதிகள்ல கிடையாது, லத்தீன் வழியா பின்னாடி உள்ள வந்தது. ஆக யாரும் திருடல, பின்னாடி சேர்ந்ததைக் குறிச்சு வெச்சிருக்காங்க. திரித்துவம் போயிடுமேன்னு பயப்படுறவங்களுக்கு "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி"ன்னு சொல்ற மத்தேயு 28:19 அங்கேயேதான் இருக்கு.

அடுத்தது, கேள்வி கேக்குறவன் எல்லாம் விசுவாசத்தை விட்டவன்னு முத்திரை குத்துறது. இந்த சண்டை டர்பன் இருக்கிற நம்ம நேட்டால் பகுதியிலயே நடந்து முடிஞ்ச சண்டைதான். 1853ல இங்க பிஷப்பா ஆன கோலென்சோ கணக்கு வாத்தியார், கணக்குப் புஸ்தகம் எழுதின ஆளு. ஜூலுவுக்கு மொழிபெயர்க்கும்போது கூட உதவின ஜூலு ஆள், ஜலப்பிரளயக் கதையில வந்து, இதெல்லாம் நெஜமாவே நடந்துச்சான்னு கேட்டுட்டார். பிஷப்புக்கு மழுப்ப மனசு வரல. யாத்திராகமம் 12:37ல ஆம்பளைங்க மட்டும் 6 லட்சம், அப்போ பொம்பளைங்க பிள்ளைங்களோட அத்தனை ஜனமும் ஆடு மாடும் வனாந்தரத்துல எப்படி பொழைச்சிருக்கும்னு கணக்கு போட்டு 1862ல புஸ்தகமாவே போட்டார். 1863ல கேப் டவுன் பிஷப் அவரைப் பதவியை விட்டு தூக்கினார், 1865ல லண்டன்ல மேல்முறையீட்டை விசாரிக்கிற பிரிவி கவுன்சில் அது செல்லாதுன்னுடுச்சு. மனுஷன் சபையை விட்டுப் போகவே இல்ல, லங்கலிபலேலேங்கிற ஆப்பிரிக்க இனத்தலைவரை அப்போ இருந்த வெள்ளைக்கார அரசாங்கம் அநியாயமா தண்டிச்சப்போ வெள்ளைக்காரங்க பகையை சம்பாதிச்சுக்கிட்டு அவருக்காக வாதாடினார். இவரையா விசுவாசம் இல்லாதவர்ங்கிறது?

என்னைக் கேட்டா பெரிய தப்பு இன்னொண்ணு, யாருக்கு எழுதினதுன்னே பாக்காம வசனத்தைப் பிச்சு எடுக்கிறது. காலண்டர்ல வர்ற எரேமியா 29:11 பாபிலோனுக்கு சிறைபட்டுப் போனவங்களுக்கு எழுதின கடிதம், அதுக்கு முந்தின வசனமே 70 வருஷம் ஆகும்னு சொல்லுது, நாளைக்கே வேலை கிடைக்கும்னு இல்ல. இதுல யாருக்கும் சேதம் இல்ல, ரோமர் 13ல இருந்துச்சு. "மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படி"ன்னு அதைக் காட்டித்தான் அபார்தைட்ங்கிற நிறவெறி அரசாங்கத்துக்கு ஒத்து ஊதினாங்க, இனவாரியா தனித்தனி இடத்துல குடியிருக்கணும்ங்கிற குரூப் ஏரியாஸ் சட்டத்துல வீட்டை இழந்து, இந்தியர்களுக்குன்னு ஒதுக்கின சாட்ஸ்வர்த்துக்கு தள்ளப்பட்ட நம்ம பெரியவங்களும் பொறுத்துப்போன்னு கேட்டிருப்பாங்க. 1985ல அபார்தைடை எதிர்த்து தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் அறிக்கை, பவுல் ரோமாபுரியில இருந்த ஒரு சபையோட குறிப்பிட்ட நிலைமைக்குத்தான் எழுதினார், அநியாய அரசாங்கத்துக்கு ஆசீர்வாதம் குடுக்கலன்னு எடுத்துக் காட்டுச்சு. அதுவும் பைபிள் ஆராய்ச்சிதான்.

அதுக்காக யூடியூப்ல கோட்டு போட்ட ஒருத்தர் பேசினதும் தலையாட்டவும் கூடாது. பவுல் பேர்ல உள்ள 13 நிருபத்துல ரோமர், கலாத்தியர் மாதிரி 7 நிருபம் அவர் எழுதினதுன்னு கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கிறாங்க, மத்த 6ல இன்னும் வாக்குவாதம் ஓடுது, "எல்லாம் பொய்"னு எந்த நல்ல வாத்தியாரும் சொல்ல மாட்டார்.

அப்புறம் துருக்கியில நோவா பேழை கிடைச்சாச்சுன்னு கப்பல் வடிவத்துல ஒரு போட்டோ வருமே, துருபினார்ங்கிற இடம், அது இயற்கையா உருவானதுன்னு புவியியல்காரங்க சொல்லி எவ்வளவோ காலமாச்சு. சண்டே ஸ்கூல் பசங்களுக்கு தயவுசெஞ்சு அதைக் காட்டாதீங்க.