பழைய மிலிட்டரி ரைஃபிள்ல போல்ட் இறுகுதா? கையில ஃபைல எடுக்கிறதுக்கு முன்னாடி இத படிங்க

என் அக்கா மகன் நியூசிலாந்துல மாட்டுப்பண்ணை வேலைக்கு போய் ஆறு வருஷம் ஆச்சு, அங்க முறையா லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குன்னு லீ என்ஃபீல்ட் நம்பர் 4ன்னு ஒரு பழைய பிரிட்டிஷ் ஆர்மி ரைஃபிள் வாங்கிட்டான். வாங்கின மறுநாளே வாட்சாப்ல வீடியோ கால், "மாமா, போல்ட் ரொம்ப டைட்டா இருக்கு, சேண்ட்பேப்பர் போட்டு தேய்க்கவா?" நான் இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல வீட்டு முன்னாடி உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தேன், கிளாஸ கீழ வச்சிட்டு முதல்ல அந்த சேண்ட்பேப்பர தூக்கி எறிடான்னேன். போல்ட்னா தோட்டாவ உள்ள தள்ளி பின்பக்கத்த பூட்டுற இரும்பு தண்டு, பக்கத்துல கைப்பிடி இருக்கும்.

நான் ராணுவ ஒர்க்‌ஷாப்புல ஆயுத ஃபிட்டரா இருந்தவன். எங்க காலத்துல கைக்கு வந்தது எல்லாம் எம்-16 தான், ஆனா பயிற்சி பட்டறையில போல்ட் எப்படி பூட்டுதுன்னு காட்டுறதுக்கு ஒரு பழைய நம்பர் 4 வச்சிருந்தாங்க, அதுல கத்துக்கிட்டது இன்னும் மறக்கல. இந்த ஊர்க்காரங்களுக்கு அந்த துப்பாக்கி புதுசும் இல்ல. 1948 ஜூன் 16ல சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டங்கள்ல வெள்ளக்கார துரைங்கள சுட்ட பிறகு தானே அவசரகாலமே வந்துச்சு, அதுக்கப்புறம் தோட்டத்துக்கு தோட்டம் காவல், லயத்த சுத்தி முள்கம்பி. காட்டுக்குள்ள போன பட்டாளத்துக்காரங்க கையில இதே வகையில குட்டையா செஞ்ச நம்பர் 5 இருந்துச்சு, ஜங்கிள் கார்பைன்னு சொல்லுவாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். இறுகுறத பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி தோட்டா உள்ள இல்லன்னு உறுதி பண்ணுங்க. மேகசின கழட்டுங்க, போல்ட்ட திறந்து சேம்பர, அதாவது குழாய்க்கு பின்னாடி தோட்டா உக்கார்ற அறைய, கண்ணால பாருங்க, சுண்டுவிரல விட்டும் தடவி பாருங்க. கடைக்காரர் காலின்னு சொன்னாரு, நேத்து நானே பார்த்தேன், இதெல்லாம் கணக்குல வராது.

ஜனங்க பண்ற பெரிய தப்பு என்னன்னா, எந்த இடத்துல இறுகுதுன்னு பார்க்காமலே மருந்து தேடுறது. என் மருமகன் பயந்தது எதுக்குன்னு கேட்டா, போல்ட்ட முன்னாடி தள்ளும்போது கடைசி ஒரு இன்ச்ல திடீர்னு கனமாகுதாம். அது கோளாறே இல்லைங்க, லீ என்ஃபீல்ட் மூடும்போது தான் உள்ள இருக்கிற ஸ்பிரிங்க அழுத்தி காக் பண்ணும், அதாவது சுடுறதுக்கு தயாரா இழுத்து வைக்கும், அந்த கனம் ஸ்பிரிங்கோட கனம். ஜெர்மன்காரனோட மவுசர் 98, ரஷ்யாக்காரனோட மோசின் நாகன்ட் எல்லாம் கைப்பிடிய மேல தூக்கும்போது காக் ஆகும், அதனால அதுல தூக்குறது கனமா இருக்கும், மூடுறது லேசா இருக்கும். அது பழகின கைக்கு இது ரிப்பேர் மாதிரி தெரியும். இத தெரியாம ஸ்பிரிங்க ரெண்டு சுத்து வெட்டினா லேசாகிடும்னு வெட்டுறவங்க இருக்காங்க, அப்புறம் தோட்டாவோட அடியில அடிக்கிற ஊசி, ஃபயரிங் பின், பலமா அடிக்காம தோட்டா வெடிக்க மாட்டேங்குதுன்னு வந்து நிப்பாங்க.

ஆனா அவனுக்கு உண்மையான கோளாறும் ஒன்னு இருந்துச்சு. சுட்ட பிறகு கைப்பிடிய மேல தூக்கவே வரலையாம், உள்ளங்கையால ஓங்கி தட்டினா தான் திறக்குதாம். காலியா இருக்கும்போது லேசா திறக்குதா, சுட்ட பிறகு மட்டும் இறுகுதா? அப்படின்னா பெரும்பாலும் போல்ட்ல குத்தம் இல்ல, சேம்பர்ல தான் குத்தம், இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிஞ்சிரும். அந்தக் காலத்து ஆர்மி துப்பாக்கிய கிடங்குல அடுக்குறதுக்கு முன்னாடி கோஸ்மோலின்னு மெழுகு மாதிரி ஒரு கிரீஸ பூசி வைப்பாங்க, அது வருஷக்கணக்குல காய்ஞ்சு பழுப்பு கோந்து மாதிரி ஆகிடும். வெளிய துடைச்சா பளபளன்னு இருக்கும், சேம்பருக்குள்ள மெல்லிசா ஒட்டிக்கிட்டே இருக்கும். சூடாகும்போது அது இளகி பிசுபிசுன்னு ஆகும், சுடும்போது பித்தளை கூடு விரிஞ்சு அதுல போய் ஒட்டிக்கும், அவ்வளவு தான் சங்கதி.

இதுக்கு மேல எண்ணெய ஊத்துறது அடுத்த தப்பு. WD-40ய அடிச்சா கொஞ்ச நேரம் வழுக்கும், அப்புறம் பழைய கதை தான், அழுக்கு மேல எண்ணெய் நின்னா அழுக்கு போகாது. அதோட சேம்பர்ல எண்ணெய் இருக்கவே கூடாது, கூடு சேம்பர் சுவர பிடிச்சுக்கணும், எண்ணெய் இருந்தா பிடிக்காம வழுக்கி பின்னாடி வந்து போல்ட்ட கூடுதலா அடிக்கும். கோஸ்மோலின் போகணும்னா ஒயிட் ஸ்பிரிட் இல்ல மண்ணெண்ணெய், வெளிய காத்தோட்டமா உக்காந்து. பெட்ரோல் வேணாம், ஒரு பொறி போதும். எங்க ஊர் வெயில்னா ரெண்டு மணி நேரம் வெளிய வச்சாலே உருகி வடியும், அங்க குளிர் காலம், அதனால போல்ட்ட மட்டும் கழட்டி நல்ல கொதி தண்ணில போடுடான்னேன், எடுத்த உடனே துடைச்சு காய வச்சு லேசா எண்ணெய் பூசிடணும், இல்லன்னா சாயங்காலமே துரு பிடிக்கும். சேம்பருக்கு 45 கேலிபர் பிஸ்டல் பிரஷ் பொருந்தும், அத ஸ்பிரிட்ல நனைச்சு பின்பக்கமா விட்டு திருப்பி திருப்பி தேய்க்கணும், பிறகு துணி. துணி வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க.

போல்ட்டுக்கு உள்ளயும் அதே கோந்து தான் இருக்கும். அது ஃபயரிங் பின்ன மெதுவாக்கும், விசைய இழுத்த பிறகு ஒரு நொடி கழிச்சு தோட்டா வெடிச்சா என்ன ஆகும்னு நினைச்சு பாருங்க. ஆனா நம்பர் 4ல ஃபயரிங் பின்ன கழட்ட தனி டூல் வேணும், பிளையர போட்டு திருகாதீங்க.

இந்த துப்பாக்கிக்கு போடுற பழைய பிரிட்டிஷ் .303 தோட்டா சுடுறவங்களுக்கு இன்னொரு விஷயம். அந்தக் கால பிரைமர், அதாவது தோட்டா அடியில மருந்த பத்த வைக்கிற சின்ன மூடி, உப்பு விட்டுட்டு போகும், அந்த உப்பு எண்ணெயில கரையாது, தண்ணில தான் கரையும். எண்ணெய் போட்டு துடைச்சு பத்திரமா வச்சேன், அப்படியும் துரு பிடிச்சிருச்சேன்னு சொல்றவங்க இத தான் கவனிக்காம விட்டிருப்பாங்க. துரு பிடிச்ச சேம்பர் சொரசொரப்பாகி மறுபடி கூட்ட பிடிச்சுக்கும்.

இப்ப சேண்ட்பேப்பர், ஃபைல். என் கூட பயிற்சியில இருந்த ஒரு பையன், பட்டறையில இருந்த வேற ஒரு போல்ட்டோட பூட்டுற லக்க, நீட்டிக்கிட்டு இருக்கிற அந்த பல்ல, வழவழன்னு ஆக்குறேன்னு தேய்ச்சிட்டான். பார்க்க கண்ணாடி மாதிரி அழகா இருந்துச்சு, ஆனா லீ என்ஃபீல்ட்ல லக் பின்னாடி வலப்பக்கம் ஒன்னு இடப்பக்கம் ஒன்னு, ரெண்டும் சமமா உக்காந்து அடிய வாங்கணும். ஒன்ன தேய்ச்சா சுமை பூரா இன்னொன்னு மேல போயிரும், கடினப்படுத்துன மேல்தோலும் போயிரும், ஹெட்ஸ்பேஸும், அதாவது பூட்டின போல்ட்டுக்கும் தோட்டா உக்கார்ற இடத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளியும், கூடிடும். ஆசிரியர் அந்த போல்ட்ட எடுத்து ஓரமா போட்டுட்டாரு, அதுக்கப்புறம் யாரும் அத தொடல. போன இரும்ப திரும்ப ஒட்ட வைக்க முடியாதுங்க.

வேற போல்ட் வாங்கி மாட்டிக்கிறேன்னு சொல்றவங்களும் உண்டு. போல்ட் கைப்பிடியில அடிச்ச நம்பரும் ரிசீவர் (போல்ட் ஓடுற உடம்பு) நம்பரும் ஒன்னா இருக்கான்னு பாருங்க, அத அந்த துப்பாக்கிக்குன்னே பொருத்தி பார்த்து கொடுத்தது. நம்பர் 4ல போல்ட் முனையில திருகி மாட்டுற போல்ட் ஹெட் 0ல இருந்து 3 வரைக்கும் அளவு வாரியா வரும், எது சரின்னு கேஜ் வச்சு அளக்கணும், கண்ணால பார்த்து முடிவு பண்ற வேலை இல்ல. சுத்தம் பண்ணி திரும்ப மாட்டும்போது போல்ட் ஹெட்ட முழுசா திருகி நேரா நிறுத்தாம நுழைச்சா அதுவும் சிக்கும், இது ரொம்ப பேருக்கு நடக்குது.

தோட்டா போடும்போது மட்டும் சிக்குனா மேகசின பாருங்க. .303க்கு அடியில விளிம்பு இருக்கு, மேல இருக்கிற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்கிறதோட விளிம்புக்கு முன்னாடி நிக்கணும், மாத்தி போட்டா ஒன்னோட ஒன்னு கோத்துக்கும். மவுசர் மாதிரி துப்பாக்கியில கட்டைய பிடிக்கிற முன் ஸ்க்ரூ நீளமா இருந்து லக்குல இடிக்கிறதும் உண்டு, ஸ்க்ரூவ அரை சுத்து லூஸ் பண்ணி பார்த்தா தெரிஞ்சிரும்.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஒன்னு சொல்லிடுறேன். தோட்டத்துல மறுநடவுக்கு மண்ணு தோண்டும்போது பழைய துப்பாக்கியோ தோட்டாவோ கிடைச்சா துடைக்காதீங்க, தூக்காதீங்க, வீட்டுக்கு கொண்டு போகாதீங்க, போலீசுக்கு சொல்லுங்க. இங்க லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா 1971 சட்டப்படி 14 வருஷம் வரைக்கும் ஜெயில், ரோத்தான் அடியும் சேர்ந்து.

மருமகன் மூனு நாள் தேய்ச்சான். முதல் நாள் துணி போட்டோ அனுப்பினான், கருப்பட்டி பாகு மாதிரி இருந்துச்சு, மூனாவது நாள் வெள்ள. சேம்பர் சுத்தமாகியும் சுட்ட பிறகு இறுகினா ஒரு தோட்டா கூட மேல சுடாத, காலி கூட்ட எல்லாம் எடுத்துக்கிட்டு துப்பாக்கி ரிப்பேர்காரர்கிட்ட போ, பிரைமர் தட்டையா நசுங்கி இருக்கான்னு அவரு பார்த்தாலே பிரஷர் அதிகமான்னு சொல்லிடுவாருன்னு சொல்லி வச்சிருந்தேன். இறுகல. இருந்தாலும் விடாம அவன ஹெட்ஸ்பேஸ் அளக்க அனுப்பினேன், சரியா இருக்காம், போல்ட் ஹெட் நம்பர் 1, நம்பரும் ஒத்து போகுது. போன வாரம் மறுபடி கால் பண்ணி ஒரே விரலால கைப்பிடிய தூக்கி காட்டினான், காலி கூடு டிங்குன்னு கீழ விழுந்த சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.