கயிற்றை இழுத்த பின் திரும்ப வழியில்லை: அருவிப் பள்ளத்தாக்கில் இறங்கும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையேறுகிறவர் களைத்துப்போனால் பெரும்பாலும் வந்த வழியே இறங்கிவிடலாம். அருவிகளும் மடுக்களும் நிறைந்த பள்ளத்தாக்கில் கயிற்றின் உதவியோடு இறங்கிச் செல்லும் கேன்யனீரிங்கில் அதற்கு இடமில்லை. அருவியின் தலைப்பில் கயிற்றைக் கட்டி ஒவ்வொருவராக இறங்கி, கடைசி ஆளும் மடுவை அடைந்ததும் கீழிருந்து கயிற்றை இழுத்து எடுத்துவிடுகிறார்கள்; அந்தக் கணத்திலிருந்து முன்னால் உள்ள எல்லா அருவிகளையும் மடுக்களையும் கடந்தால்தான் வெளியே வர முடியும். குழுக்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒருவழித் தன்மையை மறந்துவிடுவதால் நேர்பவை.

முதல் தவறு, தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்ப்பது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் திடீர் வெள்ளத்தில் இறந்தபோது, அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை. பல கிலோமீட்டர் மேலே பெய்த மழைதான் அவர்கள்மீது பாய்ந்தது. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் சாக்சட்டன் ஓடையில் வழிகாட்டிகளுடன் இறங்கிய குழுக்களிலிருந்து 21 பேர் பலியாயினர். எனவே வழிகாட்டி உடன் வருகிறார் என்பது வானிலையைப் பார்க்காமலிருக்கக் காரணமாகாது. ஓடைக்கு நீர் தரும் மேற்பகுதி முழுவதற்குமான முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். நீர் கலங்குவதும், சருகுகளும் குச்சிகளும் மிதந்து வருவதும் வெள்ளத்தின் முன்னறிகுறிகள். அவற்றைக் கண்டால் உடனே உயரமான இடத்துக்கு ஏறிவிட வேண்டும்.

நேரக் கணக்கில் செய்யும் பிழை இவ்வளவு அச்சமூட்டுவதில்லை, ஆனால் மிகப் பரவலானது. 8 பேர் கொண்ட குழுவில் ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் ஓர் இறக்கத்துக்கு 80 நிமிடம். ஆறு அருவிகளுக்கு எட்டு மணி நேரம். நீச்சலும் நடையும் இதில் சேரவில்லை. அந்த நேரத்தின் பெரும்பகுதியை ஒவ்வொருவரும் நனைந்த உடலோடு காத்திருந்தே கழிக்கிறார்கள். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைப் பறிக்கும் என்பதால், பருத்தி உடையில் வந்தவர் மூன்றாவது மடுவிலேயே விரல்கள் மரத்து, கயிற்றோடு இணைக்கும் உலோகக் கொக்கியான காரபினரைப் பூட்டத் தடுமாறுவார். குளிர்நீரில் உடல் வெப்பத்தைக் காக்கும் இறுக்கமான உடையான வெட்சூட் வேண்டுமா என்பதை வெயிலைப் பார்த்து முடிவு செய்யாமல், நீரின் குளிர்ச்சியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பாறையேற்றத்தில் பழகியவர்கள்தான் கயிற்றின் நுனியில் அதிகம் தவறுகிறார்கள் என்பது சற்று விந்தையானது. கயிறு எட்டாமல் போனால் நழுவி விழாதிருக்க நுனியில் முடிச்சிடுவது அவர்களின் நல்ல பழக்கம். ஆனால் அருவி விழும் மடுவில் அதே முடிச்சு, இறங்குபவரைக் கொட்டும் நீரின் அடியிலேயே பிடித்து வைத்துவிடும். அங்கே நுனி நீர்ப்பரப்பைத் தொடும் அளவுக்கு மட்டும் கயிற்றை விட்டு, முடிச்சில்லாமல் வைத்தால், இறங்குபவர் அதிலிருந்து தானாகவே நழுவி நீந்திச் செல்லலாம். தேவைக்கு மேல் நீளமாக விட்டால், மிஞ்சிய கயிறு சுழலில் சுற்றி காலைப் பின்னிக்கொள்ளும். யாராவது நடுவில் சிக்கினால் மேலிருந்தே கயிற்றைத் தளர்த்தி அவரை இறக்க முடிகிற கட்டுமுறையைத் தொடக்கத்திலேயே அமைத்துவிடுவதும் அவசியம். தளர்ந்த கூந்தலும் தொங்கும் பட்டைகளும் கயிற்றில் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இறக்கக் கருவிக்குள் இழுபடும். அவற்றை ஒதுக்கிக் கட்ட ஒரு நிமிடம் போதும்.

அருவியின் இரைச்சலில் கத்திப் பேசலாம் என்று நம்புவதும் தவறு. விசில் ஒலிகளின் பொருளைப் புறப்படும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சென்ற முறை ஆழமாக இருந்ததே என்று மடுவில் குதிப்பதும் அப்படித்தான்; ஒரே வெள்ளம் அங்கே மணலை நிரப்பியிருக்கலாம், மரத்தைச் செருகியிருக்கலாம். ஒருவர் கயிற்றில் இறங்கி ஆழத்தைச் சோதித்த பிறகே மற்றவர்கள் குதிக்க வேண்டும்.

இறங்கும் வரிசையில் திறமையானவர்கள் முன்னால் குவிந்துவிடக் கூடாது. கடைசி ஆள்தான் தம் கயிற்றுக் கட்டைத் தாமே சரிபார்த்து, வேறு கண் பார்க்காமல் இறங்குகிறவர். அவர் இறங்கும் முன், கீழிருப்பவர் கயிற்றைச் சிறிது இழுத்து அது தடையின்றி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்கினால் மேலே இருப்பவரால் சரிசெய்ய முடியும். அவரும் இறங்கிய பிறகு சிக்கினால், எதில் மாட்டியிருக்கிறது என்று தெரியாத அந்தக் கயிற்றைப் பற்றி யாரும் ஏறக் கூடாது. அடுத்த அருவிக்குப் போதுமான இன்னொரு கயிறு பையில் இருந்தால் ஏற வேண்டிய தேவையும் வராது.